கதிர் பொறுக்கும் பெண்கள்: பிசாரோவின் ஓவியமொன்றின் சமூகப் பின்னணி

மனப்பதிவுவாத ஓவியம் பற்றி மார்க்சியத் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தொன்றுண்டு. ஒளியின் கணநேர மாற்றங்களைப் பதிவுசெய்வதில் மூழ்கிய அவ்வோவியர்கள் சமூக வாழ்வின் உள்ளார்ந்த உறவுகளைக் காணத் தவறினர் என்பதே அது. பிளெக்கனோவ் 1912ஆம் ஆண்டையொட்டி எழுதிய ‘கலையும் சமூக வாழ்வும்’ என்னும் ஆய்விலே, மனப்பதிவுவாதிகளின் ஓவியங்களில் ஒளியே தலைமைப் பாத்திரமாகிவிட்டதென்றும், புலனுணர்வோடு நின்றுவிடும் கலைஞன் மனித உணர்ச்சிகளுக்கும் சிந்தனைகளுக்கும் புறத்தே நின்றுவிடுகிறான் என்றும் வாதித்தார். ஆர்னல்ட் ஹவுசர் 1951இல் வெளிவந்த ‘கலையின் சமூக வரலாறு’ என்னும் நூலில், மனப்பதிவுவாதத்தை நகரத்தின் கலை என வகைப்படுத்தினார். நகரவாசியின் கண்களோடும் அவனது ஓய்வற்ற நரம்புகளோடும் உலகை நோக்கும் கலை அது என்பது அவரது முடிபு.

இவ்விரு கணிப்புகளிலும் பெருமளவு உண்மை உண்டு. மொனே, ரெனுவார் ஆகியோரின் படகுத்துறைகளும் பூங்காக்களும் நடனக்கூடங்களும் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கப் புறநகர் சென்ற பாரிஸ் மத்தியதர வர்க்கத்தின் உலகையே நமக்குக் காட்டுகின்றன. எனினும், ஓர் இயக்கம் பற்றிய பொதுவிதியை அதன் ஒவ்வொரு படைப்பின் மீதும் இயந்திர ரீதியாகச் சுமத்துவது வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்காகாது. 1874 முதல் 1886 வரை நடைபெற்ற மனப்பதிவுவாதக் காட்சிகள் எட்டிலும் பங்குபற்றிய ஒரேயொரு ஓவியர் கமீல் பிசாரோ ஆவார். அவ்வியக்கத்தின் மூத்தவரும் அதன் ஒருங்கிணைப்பாளருமாக விளங்கிய அவரே, அவ்வியக்கத்தினுள் குடியானவரின் உழைப்பைத் தமது முதன்மையான பொருள்களுள் ஒன்றாகக் கொண்டவருமாவார். அவர் 1889இல் வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ என்னும் தைலவர்ண ஓவியம் இன்று சுவிற்சர்லாந்தின் பாசல் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. அதனைச் சான்றாகக் கொண்டு, உழைப்பைச் சித்திரிக்கும் ஓவியமொன்றில் ஒளி என்ன செய்கிறது, அது சமூக உறவுகளைப் புலப்படுத்துகிறதா அன்றி மூடிமறைக்கிறதா என்னும் வினாவை ஈண்டு ஆராய்வோம்.

(1)

ஓவியத்தின் பொருளிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகள் அகற்றப்பட்ட வயலில், அறுப்போர் தவறவிட்ட கதிர்களை ஏழைகள் சேகரித்துக்கொள்ளும் வழமையே கதிர் பொறுக்குதல். அது மிகத் தொன்மையான வழமை. வயலோரத்தை முற்றாக அறுக்காமலும் சிந்திய கதிர்களைத் தாமே பொறுக்காமலும் எளியவருக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டுமென லேவியராகமம் விதிக்கிறது. ரூத்தின் கதை முழுவதும் அவ்விதியின் மீதே அமைந்துள்ளது.

பிரான்சில் இவ்வழமை அரச சட்டத்தின் ஏற்பையும் பெற்றது. 1554இல் இரண்டாம் ஹென்றி மன்னன் பிறப்பித்த கட்டளை, முதியோர், வலுவற்றோர், சிறுவர் ஆகியோருக்குக் கதிர் பொறுக்கும் உரிமையை உறுதிசெய்தது. அறுவடைக் கூலிக்குச் செல்லக்கூடிய உடல்வலு உள்ளோர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். ஏழைக்கு இரங்கிய இதே கட்டளை, கூலியுழைப்புக்குரியவர் வயற்காரனின் கைக்குத் தப்பிவிடாதபடியும் பார்த்துக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. தனியுடைமையைப் புனிதமாக்கிய பூர்ஷ்வாப் புரட்சியாலும் இவ்வுரிமையை ஒழித்துவிட இயலவில்லை. 1791ஆம் ஆண்டுக் கிராமியச் சட்டம், வழமை நிலவும் இடங்களில், விளைச்சல் முழுவதும் அகற்றப்பட்ட பின்னர் மட்டும் அதற்கு இடமளித்தது. வேலியடைத்த நிலங்களில் அதனைத் தடைசெய்தது. 1810ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை, விளைச்சல் அகற்றப்படாத வயலிலோ, சூரியன் உதிக்குமுன்போ, மறைந்த பின்போ கதிர் பொறுக்குவோருக்குத் தண்டம் விதித்தது.

ஆகவே கதிர் பொறுக்குதலை வெறும் தருமமெனக் கொள்வது பொருந்தாது. நிலத்தின் மீதான தனியுடைமை முழுமையடையாதிருந்த காலத்தின் எச்சம் அது. அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட சில நாட்களுக்கு வயல் அதன் உரிமையாளனுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வட பிரான்சின் திறந்த வயல்களில் அறுப்புக்குப் பின் ஊர்மந்தைகள் பொதுவாக மேய்ந்த வழமையும் இதே உறவின் பிறிதொரு வடிவமாகும். முதலாளித்துவம் கிராமத்தினுள் ஊடுருவியபோது முதலிற் சுருங்கியவை இத்தகைய உரிமைகளே. 1842இல் ‘ரைன் செய்தி’ப் பத்திரிகையில், விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய ரைன் மாகாண சபை விவாதங்களை இளம் மார்க்ஸ் விமர்சித்தபோது, அவர் எதிர்கொண்டதும் இதே பிரச்சினையையே. காட்டில் விழுந்து கிடந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழையின் வழக்காற்றுரிமை, உடைமையாளரின் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. பொருளாதாரப் பிரச்சினைகளில் தம்மை முதன்முதலில் ஈடுபடத் தூண்டியவற்றுள் அவ்விவாதமும் ஒன்று என அவர் 1859இல் நினைவுகூர்ந்துள்ளார்.

இப்பின்னணியில் நோக்கும்போது, கதிர் பொறுக்கும் பெண்ணை வரையும் எந்த ஓவியனும் அவன் அறிந்தோ அறியாமலோ ஓர் உடைமை உறவை வரைகிறான் என்பது தெளிவாகும்.

(2)

பிசாரோவுக்கு முன்னர் இப்பொருளைக் கையாண்ட இருவரது ஓவியங்கள் அவருடைய ஓவியத்தை விளங்கிக்கொள்ள இன்றியமையாதன. 1848 புரட்சி பிரான்சிய ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் குடியானவரின் வாக்குகளே லூயி பொனபார்ட்டை ஆட்சிபீடமேற்றின. சிதறுண்டு வாழும் சிறுநில உடைமையாளர் தமது நலன்களைத் தாமே பிரதிநிதித்துவம் செய்ய இயலாத நிலையில் இருந்தமையை மார்க்ஸ் ‘பதினெட்டாம் புரூமேயர்’ நூலில் விளக்கினார். அன்றிலிருந்து பிரான்சில் குடியானவனை வரைவது அரசியற் செயலாயிற்று. கூர்பேயின் ‘கல்லுடைப்போர்’, மிலேயின் ‘விதைப்பவன்’ ஆகியன இக்காலத்துப் பிறப்புகளே.

மிலே 1857ஆம் ஆண்டுக் காட்சிக்கு அனுப்பிய ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ முன்னணியில் மூவரைக் காட்டுகிறது. இருவர் முற்றாகக் குனிந்துள்ளனர். மூன்றாமவள் பாதி நிமிர்ந்து நிற்கிறாள். அவர்களுக்குப் பின்னே, வெகு தொலைவில், ஒளி நிறைந்த வெளியில் வைக்கோற் போர்களும் வண்டியும் அறுவடைக் கூட்டமும் தெரிகின்றன. வலப்புறத்தே குதிரை மேலமர்ந்த மேற்பார்வையாளன் சிறு உருவாகத் தோன்றுகிறான். செல்வம் பின்னணியிலும் வறுமை முன்னணியிலுமாக, இடைவெளியே வர்க்க உறவாகி நிற்கிறது. வலதுசாரி விமர்சகர்கள் இதனை நன்குணர்ந்தனர். அம்மூவரின் பின்னே கிளர்ச்சியாளரின் ஈட்டிகளையும் 1793இன் தூக்குமேடைகளையும் கண்டார் ஒருவர். வறுமையின் விதித்தேவதைகள் மூவர் என ஏளனம் செய்தார் மற்றொருவர்.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1859இல், ஜூல் பிரெத்தோன் காட்சிப்படுத்திய ‘கதிர் பொறுக்குவோரைத் திரும்ப அழைத்தல்’ அச்சத்துக்கு இடம் வைக்கவில்லை. சூரியன் மறையும் நேரம். வயற்காவலன் வாயருகே கையைக் குவித்துக் குரல் கொடுக்கிறான். பெண்கள் கதிர்க்கட்டுகளைத் தலையிலும் தோளிலும் தாங்கியபடி கம்பீரமாக நடந்து வருகின்றனர். தண்டனைக் கோவையின் பிரிவொன்று இங்கே அந்திப்பொழுதின் அழகாக மாற்றப்பட்டுள்ளது. சட்டம் தெரிகிறது, அதன் வன்மை தெரியவில்லை. மூன்றாம் நெப்போலியனின் அரசு இவ்வோவியத்தை விரும்பிப் பெற்றுக்கொண்டமையில் வியப்பில்லை.

மிலேயைப் பற்றிய அச்சமும் காலப்போக்கில் மறைந்தது. பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்ட பின்னர் உருவான மூன்றாம் குடியரசு, கிராமத்தின் சிறுநில உடைமையாளரைத் தனது சமூக அடித்தளமாகக் கொண்டது. குடியானவன் இப்போது அச்சுறுத்துபவன் அல்லன்; தேசத்தின் பக்தியுள்ள பிள்ளை. 1875இல் காலமான மிலேயின் ‘மாலை மணி’ ஓவியம் 1889 ஜூலையில் 553,000 பிராங்குக்கு ஏலம் போனது. புரட்சியின் நூற்றாண்டு விழாவும் ஈபெல் கோபுரமும் பாரிசில் கொண்டாடப்பட்ட ஆண்டு அது. அதே ஆண்டிலேயே பிசாரோவும் மிலேயின் அதே பொருளை, அதே பெயருடன் வரைந்தார். இவ்வுடனிகழ்வு நமது ஆய்வுக்கு முக்கியமானது.

(3)

பிசாரோ 1830இல், அன்று டென்மார்க்கின் குடியேற்றமாயிருந்த செயின்ற் தோமஸ் தீவில், யூத வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அங்கு அடிமைமுறை 1848இல் ஒழிக்கப்பட்டபோது அவருக்கு வயது ஏறக்குறைய பதினெட்டு. 1855இல் அவர் பிரான்சுக்கு வந்தார். அவருடைய மனைவி ஜூலி வெல்லே பேர்கண்டிப் பிரதேசத்துத் திராட்சைத் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்து, பிசாரோவின் பெற்றோர் வீட்டிற் பணிபுரிந்த பெண். பொந்துவாஸிலும், 1884 முதல் இறக்கும்வரை எரானி என்னும் சிற்றூரிலும் பிசாரோ வாழ்ந்தார். குடும்பத்தின் உணவில் ஒரு பகுதி ஜூலியின் காய்கறித் தோட்டத்திலிருந்தும் அவர் வளர்த்த கோழி முயல்களிலிருந்தும் வந்தது.

எனினும் அவரைக் குடியானவராகக் கருதுவது தவறாகும். பொருளாதார நிலையில் அவர் சிறு பண்ட உற்பத்தியாளர். தாம் செய்த பண்டத்தைப் பாரிஸ் வணிகருக்கு விற்று வாழ்ந்தார். 1882 ஜனவரியில் யூனியன் ஜெனரால் வங்கி முறிந்து ஓவிய வணிகர் டியூரான்-ருவெல் நெருக்கடிக்குள்ளானபோது பிசாரோவின் குடும்பமும் அல்லலுற்றது. அவரது அயலவரின் நிலையும் இதற்கு ஒப்பானதே. அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் நீராவிக் கப்பலேறி வந்த கோதுமை பிரான்சியத் தானிய விலையை வீழ்த்தியது. இறக்குமதித் தீர்வை 1885இல் நூறு கிலோவுக்கு 3 பிராங்காகவும் 1887இல் 5 பிராங்காகவும் உயர்த்தப்பட்டும் நெருக்கடி நீடித்தது; கூலியாட்கள் நகரங்களை நாடினர். கண்ணுக்குப் புலனாகாத தொலைதூரச் சந்தையொன்றின் ஏற்ற இறக்கத்திற்கு ஓவியனும் உழவனும் ஒருங்கே ஆட்பட்டனர். குடியானவர்பால் பிசாரோ கொண்ட பரிவுக்குத் தனிமனித நற்பண்பினும் ஆழமான அடிப்படை இதுவேயாகும்.

அவரது கருத்துலகும் இவ்வடிப்படையிலிருந்தே வளர்ந்தது. புரூதோன், குரோபொட்கின், ஜோன் கிராவ் ஆகியோரைப் படித்த அவர் அராஜகவாதியானார். கிராவ் நடத்திய ‘கிளர்ச்சி’ இதழுக்குப் பொருளுதவியும் செய்தார். 1894இல் சனாதிபதி கார்னோ கொல்லப்பட்டதையடுத்து அடக்குமுறை கட்டவிழ்த்து விடப்பட்டபோது அவர் சில மாதங்கள் பெல்ஜியத்தில் தங்கியிருக்க நேர்ந்தது. கருத்துலகின் பால் அலட்சியம் கொண்டவர் என்னும் பிளெக்கனோவின் குற்றச்சாட்டு இவருக்குப் பொருந்தாது என்பதை இதிலிருந்தே துணியலாம்.

(4)

இனி ஓவியத்தை நோக்குவோம். அறுவடை முடிந்த வயல் ஓவியத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கிறது. பெண்கள் குனிந்தும் நிமிர்ந்தும் அதில் தொழிற்படுகின்றனர். மிலேயின் மூவரைப் போல அவர்கள் பார்வையாளனை நோக்கி நெருங்கித் திரண்டு நிற்கவில்லை. முன்னும் பின்னுமாக வயலெங்கும் பரந்துள்ளனர். அப்பால் மரங்களும் வயல்வெளியும் வெயிலில் கரைகின்றன. தூரிகையின் சிறு புள்ளிகளால் ஆனது மேற்பரப்பு. தாளின் மஞ்சளினூடே ஊதாவும் இளஞ்சிவப்பும், உடையின் நீலத்தினூடே செம்மஞ்சளும் ஊடாடுகின்றன.

இந்நுட்பத்தை அவர் இளம் ஓவியர் ஜோர்ஜ் சேராவிடமிருந்து 1885ஆம் ஆண்டளவில் பெற்றுக்கொண்டார். அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மிகுவிக்கும் என்பதை, கோபலின் நெசவுச்சாலையின் சாயப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயனவியலாளர் செவ்ரேல் 1839இல் நிறுவியிருந்தார். நெசவுத் தொழிலின் தேவையிலிருந்து பிறந்த அறிவியல் இவ்வாறு ஓவியத்துள் நுழைந்தது. ஐம்பத்தைந்து வயது கடந்த நிலையில், தம்மினும் ஏறக்குறைய முப்பது வயது இளையவரிடம் கற்றுக்கொள்ள முன்வந்தமை பிசாரோவின் இயல்பைக் காட்டுகிறது. நுட்பமோ மிகவும் காலம் பிடிப்பது. வணிகர் அதனை விரும்பவில்லை. 1890ஆம் ஆண்டளவில் அவர் அதனைக் கைவிடலானார்.

இப்புள்ளி நுட்பம் இவ்வோவியத்தில் என்ன செய்கிறது? பெண்ணின் முதுகும் மண்ணும் தாளும் தொலைவிலுள்ள மரமும் ஒரே அளவான கவனத்தைப் பெறுகின்றன. தலைமைப் பாத்திரமென்றோ துணைப் பாத்திரமென்றோ பிரிவில்லை. எந்தப் புள்ளியும் மற்றொன்றுக்கு அடங்கியதன்று. யாவும் சேர்ந்தே ஒளியாகின்றன. ஆளுவோரற்ற, சுயேச்சையான மனிதரின் கூட்டுறவையே சமூக இலட்சியமாகக் கொண்ட ஒருவர் இந்நுட்பத்தால் ஈர்க்கப்பட்டமை தற்செயலாக இருக்க முடியாது. கருத்து இங்கே கதையாக அன்றி, உருவமாகவே தொழிற்படுகிறது.

இதனால் விளைந்த இரண்டு பேறுகளைச் சுட்டலாம். முதலாவது, பெண்கள் இரக்கத்திற்குரிய பொருள்களாக நிறுத்தப்படவில்லை. 1882இலேயே ஹியூஸ்மான், பிசாரோ மிலேயின் நினைவிலிருந்து விடுபட்டு, போலிப் பெருமிதமின்றிக் குடியானவரை வரைகிறார் எனப் பாராட்டியிருந்தார். மிலேயோடு தம்மை ஒப்பிட்டோருக்கு, மிலே விவிலியத் தன்மையினர் என்றும் எபிரேயனாகிய தம்மிடத்தோ அத்தன்மை குறைவு என்றும் பிசாரோ அங்கதமாக விடையிறுத்தார். ‘மாலை மணி’யின் முன் கண்ணீர் சிந்திய மத்தியதர வர்க்கத்தாரின் உணர்ச்சியை அவர் அடியோடு வெறுத்தார். ஏழையைக் கண்டு அழுபவன் ஏழ்மையை நிலைநிறுத்தவும் கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டாவது, உழைப்பு இங்கே விதியாகவோ தண்டனையாகவோ காட்டப்படாமல், பலர் சேர்ந்து செய்யும் மனிதச் செயலாகக் காட்டப்படுகிறது.

(5)

ஆயினும் இப்பேறுகளுக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் நாம் கணக்கிட வேண்டும். மிலேயின் குதிரைவீரன் இங்கே இல்லை. பிரெத்தோனின் காவலனும் இல்லை. வயல் யாருடையது என்பதற்கு ஓவியத்தில் விடையில்லை. ஆண்டானை அகற்றியதும் கதிர் பொறுக்குதல் தன் வரலாற்றுப் பொருளை இழந்துவிடுகிறது. உடைமையற்றவர் உடைமையாளனின் நிலத்தில் கால எல்லைக்குட்பட்டுச் செய்யும் காரியம், சுதந்திர மனிதர் தம் வயலிற் செய்யும் தொழில் போலத் தோன்றுகிறது. அறுவடைப் பொறிகளும் குதிரை இழுக்கும் வாரிகளும் பரவப் பரவ வயலில் எஞ்சும் கதிர் குறைந்து வந்த காலம் அது. அந்நெருக்கடியின் சாயலை நாம் ஓவியத்திற் காணவில்லை. வருங்காலத்திற்குரிய நம்பிக்கை நிகழ்காலத்தின் வெயிலாக வரையப்பட்டுள்ளது.

இதனை அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில், அதே 1889ஆம் ஆண்டின் இறுதியில் பிசாரோ ‘சமூக இழிவுகள்’ என்னும் சித்திரத் தொகுதியை வரைந்தார். இலண்டனில் வாழ்ந்த தம் மருமகள்மாருக்கு அனுப்புவதற்காகப் பேனாவால் வரையப்பட்ட அவ்விருபத்தெட்டுச் சித்திரங்களில் மூலதனம் தெய்வமாக வழிபடப்படுகிறது, வேலையற்றோர் பட்டினி கிடக்கின்றனர், தற்கொலைகள் நிகழ்கின்றன, கிளர்ச்சி வெடிக்கிறது. சுரண்டலை அவர் அறிந்திருந்தார், வரையவும் செய்தார். ஆனால் அதனை நகரத்திற்குரியதாக, கருமைக்குரியதாக, விற்பனைக்கு வராத தனிப்பட்ட தொகுதிக்குரியதாக ஒதுக்கினார். கிராமத்துக்கு நிறமும் ஒளியும், நகரத்துக்குக் கறுப்பு மை. மூலதனம் கிராமத்தினுள்ளும் தொழிற்படுவதை அவரது கண் காணாமல் விடவில்லை. கிசோர் சந்தை பற்றிய அவரது ஓவியங்களில் விளைபொருள் பண்டமாகி விலைபேசப்படுவதைக் காண்கிறோம். வயலுக்குள் மட்டும் அவ்வறிவை அவர் அனுமதிக்கவில்லை. சிறு பண்ட உற்பத்தியாளனின் உலக நோக்கு இங்கே தன் எல்லையைக் காட்டுகிறது. பெருமூலதனத்தை வெறுக்கும் அந்நோக்கு, தான் நிற்கும் சிறுவுடைமையின் தளத்தைச் சுதந்திரத்தின் தளமெனக் கருதிவிடுகிறது.

குரோபொட்கினோடு பிசாரோ கொண்ட கருத்து வேறுபாடு இதற்கு மேலும் விளக்கமளிக்கிறது. 1892இல் வெளிவந்த ‘ரொட்டியை வென்றெடுத்தல்’ நூலில் குரோபொட்கின், வயலில் தானும் உழைத்து அதன் இன்பத்தை நுகராத ஓவியனால் வயலுழைப்பின் கவித்துவத்தை வெளியிட முடியுமா என வினவினார். இந்நூலைப் படித்த பிசாரோ, எழுத்தாளர் மிர்போவுக்கு எழுதிய கடிதத்தில், பொருளைச் சிறப்பாக வெளியிட அதனால் ஆட்கொள்ளப்பட வேண்டும் என்பது உண்மையே, ஆனால் அதற்குக் குடியானவனாகவே ஆகவேண்டுமா என ஐயுற்றார்; முதலிற் கலைஞராயிருப்போம் என்பது அவரது நிலைப்பாடு. தொழிலாளரைப் பற்றித் தொழிலாளியே எழுத வேண்டுமா என்னும் இலக்கிய விவாதத்தின் முன்னோடி வடிவம் இது. நமது கருத்தில் இருவரும் வினாவின் ஒரு பாதியையே கண்டனர். கையில் அரிவாள் பிடித்த அனுபவம் மட்டும் உடைமை உறவைப் புலப்படுத்திவிடாது. கலைஞனின் ஈடுபாடு மட்டும் அதனைப் புலப்படுத்திவிடாது. உழைப்பு எந்த உறவுகளுக்குள் நிகழ்கிறது என்னும் அறிவு இரண்டோடும் சேர வேண்டும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மனப்பதிவுவாதத்தின் ஒளி கருத்தற்ற ஒளியே என்னும் பழைய கணிப்பைத் திருத்த வேண்டியவராகிறோம். ரி. ஜே. கிளார்க் 1999இல் வெளியிட்ட ஆய்வில் பிசாரோவின் குடியானவப் பெண்களை அராஜகவாத அரசியலோடு இணைத்து ஆராய்ந்தமை இத்திசையிலான குறிப்பிடத்தக்க முயற்சியாகும். மிலே உடைமை உறவைக் காட்டினார். ஆயின் அவரது பெண்கள் தம் சுமையிலிருந்து என்றேனும் நிமிர்வர் என்னும் உறுதியை அவ்வோவியம் தரவில்லை. பிசாரோ அவர்களை ஒளியினுள் நிமிர்த்தினார். ஆயின் யாருக்கெதிராக நிமிர வேண்டும் என்பதை அழித்துவிட்டார். முன்னதில் வரலாறு உண்டு, எதிர்காலம் இல்லை. பின்னதில் எதிர்காலம் உண்டு, அதற்கான வழி இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கலையை ஆக்குவது கடினமான பணி. கதிர் பொறுக்கும் பெண்ணின் உழைப்பிலே அழகைக் கண்ட கண், அவள் ஏன் பிறர் வயலிற் பொறுக்க நேர்ந்தது என்பதையும் காணும்போதே யதார்த்தம் முழுமை பெறும்.